தேடுபொறி தூக்கிப் போட்ட இரண்டெழுத்து

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ரோமில் ஓர் இளம் பாதிரியார் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரொபெர்டோ பூசா என்று பெயர். இயேசு சபைக்காரர். 13-ஆம் நூற்றாண்டு இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் ‘பிரசன்னம்’ பற்றி என்ன கருதினார் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். எல்லோரும் செய்வதைத்தான் அவரும் முதலில் செய்தார். அச்சில் இருந்த சொல்லடைவுகளை எடுத்து, பிரசன்னம் என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்தார். பார்த்த இடமெல்லாம் விஷயம் ஓரத்தில்தான் இருந்தது, மையம் வேறெங்கோ இருந்தது. அந்தக் கருத்தைச் சொல்லத் தாமஸ் பெரிய சொல் எதையும் நம்பியிருக்கவில்லை. ‘இன்’ என்ற இரண்டெழுத்து முன்னிடைச் சொல்லை வைத்தே சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் உள்ள அதே ‘இன்’தான். நம்முடைய ‘இல்’, ‘உள்’ மாதிரி.

பூசா உட்கார்ந்து 10,000 அட்டைகளைக் கையால் எழுதினார். ஒவ்வோர் அட்டையிலும் ‘இன்’ அல்லது அதோடு தொடர்புடைய சொல் வரும் ஒரு வாக்கியம்.

தேடுபொறியைப் பற்றி எழுதுவதாகத் தலைப்புப் போட்டுவிட்டு, பாதிரியார் கதை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கணினியில் சொல் தேடும் வேலை இந்த ‘இன்’னில்தான் ஒரு விதத்தில் தொடங்கியது. பிறகு அதே ‘இன்’னைத்தான் தேடுபொறிகள் முதல் வேலையாகக் குப்பையில் போட்டன.

முதலில் ஒரு விளக்கம். தேடுபொறி நாம் கேட்கும்போது கோடிக்கணக்கான பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே சொல் சொல்லாக நறுக்கி, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. அந்த நறுக்குத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ரேஷன் கடை டோக்கன் மாதிரியே இதற்கும் ஓர் எண் உண்டு: எந்தப் பக்கம், அதில் எத்தனையாவது இடம். ஒரு பக்கத்தின் துண்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கியூவில் வருவதுதான் டோக்கன் வரிசை. நறுக்கும்போது எது விடுபடுகிறதோ அது தேடும்போது கிடைக்காது. எவ்வளவு வேகமான கணினியாக இருந்தாலும் கிடைக்காது. ஆகவே எதை ஒரு சொல்லாகக் கணக்கில் எடுப்பது என்று நமக்கு முன்பே யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுகிறார்.

இந்த முடிவு கணினிக்கு ரொம்ப மூத்தது. 1230-களில் பாரிஸ் நகரின் சேன் ஜாக் மடத்தில், செயிண்ட் ஷேர் ஊர்க்காரரான ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் லத்தீன் பைபிளுக்கு ஒரு சொல்லடைவு தயாரானது. ஐந்நூறு துறவிகள் வேலை செய்ததாக மரபாகச் சொல்வார்கள். தாமஸ் அக்வினாஸும் டொமினிக்கன்தான். பிற்பாடு அதே மடத்தில் இருந்து பாடம் சொன்னவர். அந்தச் சொல்லடைவில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் உண்டு. ‘இன்’ போன்ற சில்லறைச் சொற்களுக்கு இடமில்லை. தோல் விலை அப்படி, எழுதுகிற கை வலியும் அப்படி.

இருநூறு ஆண்டு கழித்து அந்தச் சில்லறைகள் திரும்பி வந்து வாசலில் நின்றன. 15-ஆம் நூற்றாண்டில் ரகூசா ஊர் ஜான் என்ற இன்னொரு டொமினிக்கன், பாசல் பேரவையில் போஹீமியாவின் ஹூசைட்டுகளோடு வாதாட வேண்டியிருந்தது. வாதம் ‘நிசி’ என்ற ஒரு சொல்லில் போய் நின்றது. ‘தவிர’, ‘இல்லாவிட்டால்’ என்று பொருள். பிறகு கிரேக்கத் திருச்சபையாரோடு தகராறு. தூய ஆவி மகனில் ‘இருந்து’ வருகிறதா, மகன் ‘வழியாக’ வருகிறதா? ‘எக்ஸ்’ஸா, ‘பெர்’ரா? இரண்டு திருச்சபைகளைப் பிரித்த வழக்கு இப்படி இடைச்சொல்லில் தொங்கியது. சொல்லடைவைத் திறந்தால் அந்தச் சொற்களே இல்லை. விளைவாக, மாறாத சிறு சொற்களுக்கு மட்டும் தனியாக ஒரு சொல்லடைவு தொகுக்கத் தொடங்கினார்கள். செகோவியா ஊர் ஜான் அதை முடித்தார்.

திரும்பப் பூசாவுக்கு வருவோம். 10,000 அட்டை எழுதிய கைக்கு ஓர் எண்ணம் வந்தது: தாமஸ் எழுதிய அத்தனைக்கும், ஒரு சொல் விடாமல், ‘இன்’ உட்பட, சொல்லடைவு வேண்டும். கையால் ஆகிற காரியமில்லை. 1949-இல் அமெரிக்கா போய், நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைப் பார்த்தார். நீங்கள் கேட்பதை எங்கள் இயந்திரம் செய்யாது என்று வாட்சன் சொன்னாராம். முடியாததைச் செய்யக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான் என்ற கருத்தில் ஐபிஎம்மே அச்சிட்டிருந்த விளம்பரத் தாள் ஒன்றை வரும் வழியில் பாதிரியார் எடுத்து வந்திருந்தார். அதை எடுத்து நீட்டினார். வாட்சன் சிரித்துவிட்டு, ஐபிஎம் என்பதை ‘இன்டர்நேஷனல் பூசா மெஷின்ஸ்’ ஆக்கிவிடாதீர்கள் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பூசாவே பிற்காலத்தில் சொன்ன கதை இது. கொஞ்சம் மெருகேறியிருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

பால் டாஸ்மன் என்ற பொறியாளரை ஐபிஎம் கொடுத்தது. வாக்கியங்களைத் துளை அட்டையில் ஏற்றுவார்கள். இயந்திரம் அதைச் சொல்லுக்கு ஓர் அட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அது எந்த நூல், எந்த வரி என்ற அடையாளத்தைத் துளைக்கும். பிறகு அகர வரிசை. இன்று தேடுபொறிக்குள் மின்னலாக நடப்பதெல்லாம் அன்று தடித்த அட்டைகளாக மேசைமேல் கிடந்தது. இத்தாலியின் கல்லராத்தே நகரில் துளையிடக் கற்பிக்கும் பள்ளியே நடத்தினார் பூசா. துளையிட்டவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அண்மைக் காலம்வரை அவர்கள் பெயரை யாரும் கேட்டதில்லை.

ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். 1974 தொடங்கி 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது ‘இன்டெக்ஸ் தோமிஸ்டிகஸ்’. 1989-இல் குறுந்தகடு. 2005-இல் இணையத்தில். தொடங்கும்போது 35 வயது இளைஞர், இணையத்தில் ஏறியபோது தொண்ணூறு கடந்திருந்தார். 2011-இல் காலமானார்.

பூசாவின் பெண்கள் ‘இன்’, ‘எட்’ என்று ஒன்றுவிடாமல் துளையிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஐபிஎம்மில் இன்னொருவர் நேர் எதிராக யோசித்துக்கொண்டிருந்தார். ஹான்ஸ் பீட்டர் லூன். 1896-இல் ஜெர்மனியில் பிறந்தவர், நெசவுத் தொழிலிலிருந்து வந்தவர். துணியில் இழை எண்ணும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர். கிரெடிட் கார்டு எண் சரியா என்று சோதிக்க இன்றும் எல்லா நாட்டிலும் பயன்படும் கணக்கும் இவருடையதுதான்.

லூன் பார்த்த சிக்கல் வேறு. போருக்குப் பின் அறிவியல் கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. அட்டவணைப்படுத்த ஆள் போதவில்லை. கட்டுரையின் சொற்களை எண்ணிப் பாருங்கள் என்றார் லூன். மிக அதிகமாக வரும் சொல்லுக்குப் பயனில்லை, ஏனென்றால் எல்லாக் கட்டுரையிலும் அது இருக்கும். அபூர்வமாக வருவதும் உதவாது. நடுவில் இருப்பவையே கட்டுரையின் பொருளைச் சொல்பவை. 1957, 1958 ஆண்டுகளில் இதை எழுதினார். 1958 நவம்பரில் வாஷிங்டனில் நடந்த உலக அறிவியல் தகவல் மாநாட்டில் ‘குவிக்’ என்ற அட்டவணை முறையும் அறிமுகமானது. கட்டுரைத் தலைப்பில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் நடுவில் நிறுத்தி, இடமும் வலமும் மற்றச் சொற்கள் தெரிய, அகர வரிசையில் அச்சிடுவது. எது முக்கியச் சொல் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எது முக்கியமில்லை என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் போதும். அந்தப் பட்டியலில் ‘தி’, ‘ஆஃப்’, ‘அண்ட்’ இவற்றோடு நம் ‘இன்’. பின்னாளில் இவற்றுக்கு நிறுத்தச் சொற்கள் என்று பெயர் வந்தது. வாசலில் நிறுத்தப்படும் சொற்கள்.

‘கெமிக்கல் டைட்டில்ஸ்’ இதழ் 1961 முதல் இந்த முறையில் வெளிவந்தது. நூலகத்தில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு அதன் முகம் மறக்காது. எல்லாம் பெரிய எழுத்து. தலைப்பு நீளமாக இருந்தால் வால் வெட்டுப்பட்டு வரியின் மறு ஓரத்தில் முளைக்கும். ஆனால் நடு வரிசையை மட்டும் விரல் வைத்து மேலிருந்து கீழே ஓட்டினால் போதும், ஆராய்ச்சி மாணவர் கேட்ட சேர்மத்தின் பெயர் இரண்டு நிமிடத்தில் அகப்படும். அழகில்லாத, மிகப் பயனுள்ள பொருள். நூலகர்கள் அதைத் திட்டிக்கொண்டே பயன்படுத்தினார்கள்.

லூனைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு அவர் பக்கம் இருந்தது. 1960-களில் பிரௌன் பல்கலைக்கழகம் தொகுத்த பத்து லட்சம் ஆங்கிலச் சொற்களில் ‘தி’ மட்டும் ஏறத்தாழ 70,000 முறை வருகிறது. பத்துப் பதினைந்து சில்லறைச் சொற்களை நீக்கினாலே சொல்லடைவு கணிசமாக மெலியும். கணினி நினைவகம் தங்க விலை விற்ற காலம் அது. ஆனால் சட்டம் போட்ட காரணம் மறைந்த பிறகும் சட்டம் நின்றுவிடும், அலுவலகங்களில் நாம் பார்த்ததுதான். நிறுத்தச் சொற்கள் நிரலிலிருந்து நிரலுக்கு முப்பது நாற்பது ஆண்டு தொற்றிக்கொண்டே வந்தன. ஹாம்லெட்டின் புகழ்பெற்ற ‘டு பீ ஆர் நாட் டு பீ’யில் ஒரு சொல்கூடத் தேறாது. ‘தி ஹூ’ இசைக் குழுவைத் தேட முடியாது. ‘வைட்டமின் ஏ’ என்று கேட்டால் வெறும் வைட்டமின் வரும்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல வழியும் பிறந்தது. கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதிய கட்டுரையில், சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், அது எத்தனை ஆவணங்களில் வருகிறதோ அதற்கேற்ப அதன் மதிப்பைக் குறையுங்கள் என்று காட்டினார். எல்லா ஆவணத்திலும் வரும் ‘இன்’னுக்கு மதிப்பு ஏறக்குறைய சுழி, எங்கோ ஒன்றிரண்டில் வரும் சொல்லுக்கு உயர் மதிப்பு. சபையிலிருந்து வெளியேற்றாமல் கடைசி வரிசையில் உட்கார வைப்பது. இன்றைய தேடுபொறிகளின் மதிப்பெண் கணக்கில் பலவற்றுக்கு இதுதான் வேர். இந்தக் கதையில் என் மரியாதை முழுக்க இந்த அம்மையாருக்குத்தான்.

1999-இல் டக் கட்டிங் என்ற அமெரிக்கர் ‘லூசீன்’ என்ற தேடல் நிரலை எழுதினார், பிறகு அதை இலவசமாக வெளியிட்டார். தம் மனைவியின் நடுப்பெயரை அதற்கு வைத்தார். இன்று எத்தனையோ வணிகத் தளங்கள், நூலகங்கள், செய்தித்தாள்களின் தேடுபெட்டிக்கு அடியில் இருப்பது இது அல்லது இதன்மேல் கட்டிய ஒன்று. டோக்கன் வரிசை என்ற சொல்லாட்சியே அந்த நிரலின் ஒரு பகுதியின் பெயர். ஒரு துண்டாக்கி வரியை நறுக்கும். அடுத்து வடிகட்டிகள் வரிசையாக நிற்கும். ஒன்று பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கும், ஒன்று நிறுத்தச் சொல்லை எடுக்கும், ஒன்று சொல்லின் வாலை வெட்டும்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. ‘முருகன் வீட்டில் ஒரு பூனை உள்ளது’ என்ற வாக்கியத்தில் ‘ஒரு’வை நீக்கினாலும் அதன் நாற்காலியை லூசீன் எடுத்துவிடுவதில்லை. வீட்டில் இரண்டாவது, பூனை நான்காவதுதான். மூன்றாம் நாற்காலி காலி. இங்கே யாரோ இருந்தார் என்பது பதிவில் நிற்கும், யார் என்பது மட்டும் தெரியாது.

லூசீன் ஆங்கிலத்துக்கு வைத்திருந்த நிறுத்தப் பட்டியல் 33 சொல். அதில் ‘இன்’ உண்டு. ‘நோ’, ‘நாட்’ இரண்டும்கூட உண்டு. ஒன்று உண்டா இல்லையா என்பதையே சொல்லும் சொற்கள் முக்கியமில்லாதவையாம்! 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பில், வேண்டும் என்று கேட்டால் ஒழிய அந்தப் பட்டியலை இனித் தானாகப் பயன்படுத்துவதில்லை என்று மாற்றினார்கள். லூன் வெளியே நிறுத்தி அறுபது ஆண்டு கழித்து ‘இன்’ உள்ளே வந்தது. ரகூசா ஜானுக்கு இருநூறு ஆண்டு ஆனதோடு ஒப்பிட்டால் விரைவுதான்.

அதே 2019-இல் தமிழுக்கும் ஒன்று நடந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பில், அரபு, நேபாளி, லிதுவேனிய மொழி முதலியவற்றோடு தமிழுக்கும் வால் வெட்டும் நிரல் சேர்ந்தது. மார்ட்டின் போர்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1980-இல் ஆங்கிலச் சொற்களின் விகுதி நீக்க எழுதிய விதிகளின் வாரிசு அது. ஆங்கிலத்திலேயே அந்த விதிகள் சில சமயம் ஆழ வெட்டும். அமைப்பு என்று பொருள்படும் ‘ஆர்கனைசேஷன்’ வெட்டுப்பட்டு உடல் உறுப்பான ‘ஆர்கன்’ ஆகிவிடும்.

தமிழில் சங்கடம் அதற்கும் முன்பே, நறுக்குவதிலேயே தொடங்குகிறது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எங்கே சொல் முடிகிறது என்பது படிப்பவர் பொறுப்பு. பழைய லத்தீனும் அப்படித்தான் கிடந்தது. அயர்லாந்துத் துறவிகள்தான் இடம்விட்டு எழுதிப் பழக்கினார்கள். சங்க இலக்கியத்தைச் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்ட மர்ரே ராஜம் செய்ததும் ஒரு வகையில் டோக்கன் பிரிக்கும் வேலையே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு வெளியிட்டபோதும் இந்தப் பிரிப்புத்தான் அடிப்படை. இன்றும் ‘வந்துவிட்டது’ என்று ஒருவர் சேர்த்து எழுதுகிறார், ‘வந்து விட்டது’ என்று இன்னொருவர் பிரிக்கிறார். ஒருவருக்கு ஒரு டோக்கன், மற்றவருக்கு இரண்டு.

யுனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் இல்லை, ஒட்டுக்குறி என்ற வகையில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் சொல்லாக ஏற்று மற்றதையெல்லாம் வெட்டுமிடமாகக் கருதும் நிரலிடம் ‘வீடு’ என்று கொடுத்தால் ‘வ’ ஒரு துண்டு, ‘ட’ ஒரு துண்டு. குடும்பம் பிரிந்த வீடு மாதிரி. லூசீன் 2011-இல் வந்த 3.1 பதிப்பில் யுனிகோடின் சொல் எல்லை விதிகளை ஏற்றுக்கொண்டது. அதன்படி வீடு உடையாமல் நிற்கும்.

சரி, வீடு நின்றுவிட்டது. ‘வீட்டில்’ என்று வந்தால்? பூசா தேடிய ‘இன்’ இங்கே தனிச் சொல்லே இல்லை, வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு என்று தேடுபவருக்கு வீட்டில், வீட்டுக்கு, வீட்டைப் எல்லாம் வர வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, ‘வீட்ட்’ என்று நிற்பதை வீடு ஆக்க வேண்டும். மரத்தில் என்பதை மரம் ஆக்க வேண்டும், ஆற்றில் என்பதை ஆறு ஆக்க வேண்டும். ஆறு ஆன பிறகு அது நதியா எண்ணா என்பது அடுத்த வழக்கு. ‘இல்’ என்று முடிவதையெல்லாம் வெட்டு என்று பொத்தாம்பொதுவாக விதி போட்டாலோ மயில், குயில், வெயில், ரயில் எல்லாவற்றுக்கும் வால் போகும்.

‘வாயில்’ இன்னும் மோசம். வாய்க்குள் என்றும் பொருள், வாசல் என்றும் பொருள். வாசல் என்ற பொருளில் அதை இலக்கணப் போலி என்பார்கள். இல்லத்தின் வாய், இல்வாய், முன்பின் மாறி வாயில் ஆயிற்று. அதில் உள்ள ‘இல்’ வேற்றுமை உருபல்ல, வீடு. கோயிலில் இருப்பதும் அந்த வீட்டு ‘இல்’தான். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் கண், கால், கடை, இடை, தலை, வாய் என்று தொடங்கி 28 உருபுகளை அடுக்குகிறது; ‘வாய்’ அதில் ஒன்று, ‘இல்’ இன்னொன்று. இந்தச் சிக்கலை நாலைந்து விதிகளில் எழுதித் தரச் சொன்னால் எந்தப் புலவரும் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தமிழுக்கு வெட்டும் நிரல் எழுதுபவர்கள் கிளம்பாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதே பெரிது.

வெட்டுவது இப்படி இருக்க, தமிழுக்கும் நிறுத்தச் சொல் பட்டியல்கள் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் பரவலாகப் புழங்கும் ஒன்றைப் பார்த்தேன். இந்த, இந்தக், இந்தப், இந்தத் என்று ஒற்று மிகுந்ததெல்லாம் தனித்தனிச் சொல்லாக நிற்கின்றன. நம் வாத்தியார்கள் சிரமப்பட்டுச் சொல்லிக்கொடுத்த சந்தி இங்கே நான்கு டோக்கன். ஒரு, என்று, மற்றும், அல்லது ஆகியவையும் இருக்கின்றன, நியாயம்தான். மேலும் கீழே பார்த்துக்கொண்டே போனால் ‘நான்’ இருக்கிறது, ‘யார்’ இருக்கிறது. ரமண மகரிஷியின் சிறு நூலுக்கு ‘நான் யார்?’ என்று பெயர். அந்தப் பட்டியலை அப்படியே போட்டுக்கொண்ட தேடுபெட்டியில் அந்த நூலின் பெயரை எழுதித் தட்டினால் முதல் வடிகட்டியில் ‘நான்’ போய்விடும், ‘யார்’ போய்விடும், கேள்விக்குறி அதற்கு முன்பே துண்டாக்கியிடம் போயிருக்கும். தேடுவதற்கு மிச்சம் இருப்பது இரண்டு காலி நாற்காலிகள்.